மாரிக்கு உழவு மெசின் பெட்டியை வெளியில நிப்பாட்டி வைக்கிறது எப்படி?

ஒட்டுசுட்டான் வயல்காரன்:
காலபோக (மாரி நெல்) விதைப்பு முடிஞ்சுது. உழவு மெசின் கொட்டிலுக்குள்ள நிக்குது, பின்னுக்குக் கொழுவி இழுக்கிற பெட்டிக்கு அங்க இடமில்லை. 10 அடிக்கு 6 அடிப் பெட்டி, ரெண்டு சில்லு, 7.50-16 ரயர், ஹைட்ரோலிக் ரிப்பர் (பெட்டியைத் தூக்கிச் சரிச்சுக் கொட்டுறது). தளம் இரும்புத் தகடு, பக்கங்கள் பலகை. அருவி வெட்டு (நெல் அறுவடை) தொடங்கும் மட்டும் அதுக்கு வேலை இல்லை. காணியின்ர மேல்பக்கம் கிறவல், கீழ்ப்பக்கம் களி, அங்க ஒரு புளியமரம் நிக்குது. தறப்பாளை மேல விரிச்சுக் கட்டினால் காணுமோ? அடிப்பக்கத்துக்குக் கழிவு ஒயில் பூசலாமோ? சில்லுக் கழட்ட வேணுமோ? தெரிஞ்ச ஆக்கள் விபரமாச் சொல்லுங்கோ.

விசுவமடு வெல்டர்:
மூடுறதுக்கு முதல் கழுவுங்கோ. இதைத்தான் எல்லாரும் விடுறது. விதைப்பு நேரம் பெட்டியில உரம் ஏத்தியிருப்பியள். பொட்டாஷ் எண்டு போடுறது பொட்டாசியம் குளோரைட், உப்புச் சாதி. யூரியா காத்தில இருக்கிற ஈரத்தை இழுத்து வைச்சிருக்கும். ரெண்டும் தகட்டு மூட்டுக்குள்ள கிடந்தால், தறப்பாளுக்குக் கீழயும் இரும்பு ஈரமாத்தான் இருக்கும்; மழை படாமலே கறள் பிடிக்கும். பின்கதவைத் திறந்து, மூலைகளுக்கு நல்லாத் தண்ணி அடியுங்கோ. பிறகு கீழ குனிஞ்சு சசியை (அடிச்சட்டத்தை) பாருங்கோ. சி வடிவச் சட்டத்தின்ர உள்விளிம்பில வயல் சேறு இறுகிக் கிடக்கும். அதை இரும்புக் கம்பியால நோண்டி எடுத்த பிறகுதான் தண்ணி அடிக்கிறதில பிரியோசனம் இருக்கு. பெட்டி உக்கிறது மேலயிருந்து இல்லை, அந்தச் சேத்துக்குள்ளயிருந்துதான்.

ரெண்டு நாள் வெயில் பட்ட பிறகு கம்பிப் பிரஷால கறளைச் சுரண்டி, ரெட் ஒக்சைட் பிறைமர் ரெண்டு பூச்சு, அதுக்கு மேல எனாமல் ஒரு பூச்சு. பிறைமரோட விட்டிடாதேங்கோ. அது தண்ணியை உள்ளுக்கு விடும். மேல எனாமல் இல்லாட்டி ஒரு மாரி தாங்காது. ஈரத்தோட பூசினால் பெயின்ற் பொக்களம் போட்டு உரியும். இப்ப மழை தொடங்கியிட்டுது எண்டால் பெயின்ற் வேலையைப் பங்குனிக்கு வையுங்கோ. இப்போதைக்குச் சுரண்டின இடத்துக்குக் கிறீஸ் தேய்ச்சு விட்டால் போதும்.

கழிவு ஒயில் வேண்டாம். மழைக்குக் கழுவுப்பட்டு மண்ணுக்குள்ள இறங்கும், வளவுக்க கிணறு இருக்கு. ரயரில பட்டால் றப்பர் ஊதிப் பழுதாகும். தார் பூசுறதும் பிழை. கறளுக்கு மேல தார் பூசினால் ஈரம் உள்ளுக்க அடைபட்டு, வெளியில கறுப்பா வடிவா இருக்கேக்கையே தகடு ஓட்டை விழும். வில்லுத் தகடுகளுக்கு இடையில மட்டும் கியர் ஒயில் கொஞ்சம் பிரஷால விடுங்கோ.

மாங்குளம் கராஜ்:
சில்லைப் பற்றிச் சொல்லுறன். கழட்ட வேண்டியதில்லை, ஆனால் நிலத்தில இருந்து கிளப்ப வேணும். மூண்டு மாதம் ஒரே இடத்தில நிண்டால் ரயர் தட்டையாகி, அந்த மடிப்பில நூல் விடும். வெறும் பெட்டியை ஜக்கால தூக்கி, அக்சிலுக்குக் கீழ, ரெண்டு சில்லுக்கும் உள்பக்கமா சீமெந்துக் கல் அடுக்குங்கோ. செங்கல் வேண்டாம், ஈரத்தில நொருங்கும். கல்லுக்குக் கீழ ஒரு அகலப் பலகை போடாட்டி, மழையில ஒரு பக்கம் புதைஞ்சு பெட்டி சரியும். ரயர் 2 அங்குலம் கிளம்பினால் காணும். முன் தண்டுக்குக் கீழ மூண்டாவது தாங்கல். பின்பக்கத்துக்கும் ரெண்டு முட்டுக் குடுங்கோ. இல்லாட்டி ஆரும் பின்கதவில ஏற, பெட்டி முன்பக்கம் தூக்கும்.

சில்லின்ர நடுவில பெயரிங் இருக்கிற ஹப்பைக் கட்டாயம் திறந்து பாருங்கோ. சூடான ஹப் வயல் தண்ணிக்குள்ள இறங்கேக்க உள்ளுக்க இருக்கிற காத்து சுருங்கும். அந்த இழுவைக்கு ஒயில் சீலுக்குள்ளால தண்ணி உள்ளுக்குப் போகும். கிறீஸ் பால் நிறமா வெளுத்திருந்தால் தண்ணி போயிட்டுது எண்டு அர்த்தம். அந்தக் கிறீசோட நிப்பாட்டினால், பெயரிங்கின்ர உருளை தொடுற இடமெல்லாம் கோடு கோடாக் கறள் விழும். பிறகு அருவி வெட்டில முதல் லோட்டோட சத்தம் தொடங்கும். பழைய கிறீசை முழுக்க மண்ணெண்ணெயில கழுவி, துணியால துடைச்சுக் காய வைச்சு, லிதியம் கிறீஸ் 2ஆம் நம்பர் போடுங்கோ. பெயரிங்குக்குள்ள உள்ளங்கையால அமத்தி ஏத்த வேணும். ஹப் குழிக்குள்ள பாதிக்கு மேல நிரப்பாதேங்கோ, ஓட்டத்தில சூடாகிச் சீலைத் தள்ளும். ஒயில் சீல் புதுசு போடுறது நல்லது, கழட்டேக்க அதின்ர உதடு பெரும்பாலும் கிழியும். ஹப் நட்டைச் சில்லுச் சுத்தச் சுத்த இறுக்கி, பிறகு ஆறில ஒரு பங்கு சுத்துப் பின்னுக்கு விட்டு, புது கொட்டர் பின் போடுங்கோ. இறுக்கினபடி விட்டால் பெயரிங் நீலமாக வெந்துபோகும்.

வெயில் படுற பக்கம் பழைய கூரைத் தகரம் ஒண்டை ரயருக்குச் சாத்தி விடுங்கோ. சாக்குச் சுத்துறது கூடாது, ஈரத்தை வைச்சிருக்கும்.

முத்தையன்கட்டு:
தறப்பாளைத் தட்டையா விரிச்சுக் கட்டுறதை விட மூடாமல் விடுறது திறம். 10க்கு 6 அடி எண்டால் ஏறக்குறைய 5.5 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 550 லீற்றர், அதாவது அரைத் தொன்னுக்கு மேல. தறப்பாள் நடுவில தொய்ஞ்சு அவ்வளவும் தேங்கினால் கயிறு கட்டுற கண் பிய்யும், பலகை விலகும். கார்த்திகை மார்கழியில அந்த மழை ஒரு நாளில பெய்யக்கூடியது. 2018 மார்கழியில கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணிக்குள்ள நிண்டது உங்களுக்குத் தெரியும்.

மூடுறதெண்டால் கூரை போல மூடுங்கோ. முன்னுக்கும் பின்னுக்கும் பலகையை விட 2 அடி உயரமா ஒவ்வொரு கப்பு (தூண்) கட்டி, நடுவால ஒரு வளைத் தடி போட்டு, அதுக்கு மேல படங்கு (தறப்பாள்). கம்பு நுனியில பழைய ரியூப் துண்டு சுத்தாட்டி அந்த இடத்தில கிழியும். பக்கங்களில ஓரடி திறந்து கிடக்க வேணும்; காத்து ஓடாட்டி விடியப்புறம் படங்கின்ர உள்பக்கம் வியர்த்துத் தகட்டில சொட்டும். கயிறை அக்சிலுக்கும் சசிக்கும் கட்டுங்கோ. கயிறுக்கு நடுவில ரியூப் பட்டி ஒரு துண்டு போட்டால் சுழல்காத்தில இழுத்துக் குடுக்கும். மெல்லிய நீலப் படங்கு ஒரு கோடையோட பொரிஞ்சு போகும், போன வருசத்து மிச்சத்தை நம்பாதேங்கோ.

இடம் கிறவல் பக்கம்தான், வேற யோசனை வேண்டாம். புளியமரத்துக்குக் கீழ விடாதேங்கோ: சருகு விழுந்து மூலையில ஊறும், காத்துக்குக் கொப்பு முறியும். உங்கட காணி குளத்துக்குக் கீழ எண்டால், குளம் நிரம்பி வான் பாயேக்க தண்ணி எங்க ஏறும் எண்டு பாத்து அதுக்கு மேல வையுங்கோ. முன்பக்கம் பின்பக்கத்தை விட 6 அங்குலம் உயரமா நிக்க வேணும், பின்கதவு திறந்து கிடக்க வேணும். பின் மூலை ரெண்டிலயும் 12 மில்லிமீற்றர் ஓட்டை ஒவ்வொண்டு போட்டு, வெட்டின விளிம்புக்குப் பெயின்ற் தடவுங்கோ.

பலகை என்ன மரம்? முதிரை, பாலை எண்டால் கறையான் லேசில தொடாது. றப்பர் பலகை, பைன் எண்டால் ஒரு மாரியில உள்ளால தின்னும். முட்டுக்கு மரக்குத்தி வைச்சால் கறையான் அதுக்குள்ளால ஏறிப் பெட்டிப் பலகைக்குப் போகும், அதுதான் சீமெந்துக் கல் நல்லது. பத்து நாளைக்கொருக்காக் குனிஞ்சு மண்கோடு ஏறுதோ எண்டு பாருங்கோ. தளத்தில நெல்லுமணி மிச்சம் இருந்தால் எலி வரும், வந்தால் பின் லைற் வயரைத்தான் முதல் கடிக்கும்.

ஒட்டுசுட்டான் வயல்காரன்:
எல்லாருக்கும் நன்றி. பலகை முதிரைதான். ஒரு சந்தேகம்: தண்ணி வடிய ரிப்பரைக் கொஞ்சம் தூக்கியபடி விட்டால் என்ன?

மாங்குளம் கராஜ்:
விடாதேங்கோ அண்ணை. தூக்கி விட்டால் ரிப்பர் ஜக்கின்ர பளபளப்புத் தண்டு வெளியில நிக்கும். அதில கறள்புள்ளி ஒண்டு விழுந்தால், இறக்கேக்க அது ஒயில் சீலை அறுக்கும். பிறகு பாரம் ஏத்தினால் ஒயில் ஒழுகும். முழுக்க இறக்கி, தண்டில வெளியில தெரியிற மிச்சத்துக்குக் கிறீஸ் பூசுங்கோ. ஹோஸ் வாயைத் துடைச்சுப் பொலித்தீன் போட்டு ரியூப் பட்டியால கட்டி, வாய் கீழ பாக்கத் தொங்க விடுங்கோ. லைற் பிளக்குக்கு வஸ்லின் தடவி அதேமாதிரிக் கட்டுங்கோ. கழுவேக்க பெட்டியைத் தூக்கினாலும், சசிக்கும் தளத்துக்கும் நடுவில இரும்பு முட்டு வைக்காமல் கீழ தலை நீட்ட வேண்டாம். ஹோஸ் வெடிச்சால் தளம் ஒரு நொடியில இறங்கும்.

தையில எடுக்கேக்க முதல் சில்லைக் கையால சுத்திப் பாருங்கோ. கரகரப்புக் கேட்டால் லோட் ஏத்த முதல் ஹப்பைத் திரும்பத் திறக்க வேணும். காத்தை ரயர் பக்கத்தில எழுதிக்கிடக்கிற அளவுக்கு அடிச்சு, அரைக் கட்டைத் தூரம் வெறும் பெட்டியா ஓட்டி, நிப்பாட்டிச் சில்லு நட்டுகளைத் திரும்ப இறுக்குங்கோ. அப்ப ஹப்பைத் தொட்டுப் பாருங்கோ. கை வைக்கேலாத சூடு எண்டால் ஹப் நட் இறுக்கம் கூடிப்போச்சு.