நகராட்சி வெப்சைட்டோட முதல் பக்கத்துல என்ன இருக்கணும்?

கரிசல்காடு:
எங்க ஊர் நகராட்சி வெப்சைட்ட மாத்தப் போறாங்க, வார்டு கூட்டத்துல கருத்து கேட்டாங்க. நான் சொன்னது, தொறந்த உடனே சொத்து வரி, குடிநீர் இணைப்பு, பிறப்பு சான்றிதழ், புகார், இந்த நாலும் கண்ணுல படணும். இப்ப இருக்கறது ஓடுற எழுத்தும் ஃபோட்டோவும் துறைவாரி மெனுவும்தான். குழந்தைக்கு பேர் சேக்கறது சுகாதாரப் பிரிவுக்குள்ள இருக்குன்னு பெத்தவங்களுக்கு எப்படிங்க தெரியும்? 12 மாசத்துக்குள்ள சேத்தா கட்டணமே இல்ல, அத எந்தப் பக்கத்துலயும் போடல, எங்க அக்கா பையனுக்கு தாமதக் கட்டணம் கட்டிட்டு வந்தோம்.

ஆத்தங்கரையான்:
இதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன் அண்ணே. உங்களுக்கு நாலு பட்டன் போதும், எனக்கு டெண்டரும் மன்றத் தீர்மானமும் பட்ஜெட்டும் வேணும். 2005 தகவல் உரிமைச் சட்டம் 4வது பிரிவு, யாரும் கேக்காமலே இதெல்லாம் வெளியிடணும்னு சொல்லுது. நிறைய பேர் பாக்கறது மட்டும்தான் முன்னாடின்னு ஆரம்பிச்சா மொதல்ல காணாம போறது இதுதான். தீர்மானம் படிக்கறது கொஞ்ச பேர்தான், ஆனா ரோடு ஏன் இன்னும் போடலன்னு போய் கேக்கறதும் அவங்கதான்.

கரிசல்காடு:
தூக்கிடச் சொல்லலையே தம்பி. பிரிட்டன்ல 2012 அக்டோபர்ல டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க்னு இருந்த ரெண்டு அரசாங்க சைட்டையும் எடுத்துட்டு கவ்.யூகேன்னு ஒரே சைட்டா கொண்டு வந்தாங்க. எந்தத் துறை பாக்குதுன்னு ஜனம் தெரிஞ்சுக்க வேணாம், வந்த வேலை முடியணும், அவ்ளோதான் அவங்க கணக்கு. 2013ல லண்டன் டிசைன் மியூசியம் அதுக்கு விருதே குடுத்துச்சு.

ஆத்தங்கரையான்:
அங்க பழைய பக்கங்கள அவங்க தேசிய ஆவணக் காப்பகமான நேஷனல் ஆர்கைவ்ஸ்ல சேத்து வச்சுட்டுதான் மூடுனாங்க, அதையும் சொல்லுங்க. நம்ம ஊர்ல போன தடவ சைட் மாத்துனப்போ அதுக்கு முந்தின தீர்மானம் மொத்தமும் போச்சு, லிங்க தட்டுனா வெறும் பக்கம் வருது, ஆபீஸ்ல கேட்டா பழைய கான்ட்ராக்டர கேளுங்கங்கறாங்க. அதான் பயப்படறேன்.

திண்ணைவாசி:
எனக்கு பார்வை இல்ல, ஸ்க்ரீன் ரீடர்ல கேட்டுப் படிக்கறவன். நீங்க ரெண்டு பேரும் சண்டை போடறது ரெண்டுமே எனக்கு இப்ப கிடைக்கல. தீர்மானமெல்லாம் ஸ்கேன் பண்ண பிடிஎஃப், என் போனுக்கு அது வெறும் படம். எழுத்தா இருக்கறதுலயும் சிலது பழைய ஃபான்ட், ஏதோ ஏதோ வாசிக்குது, எந்தக் கருவியும் சரியா படிக்கற பொது எழுத்துமுறையான யூனிகோடத்தான் பயன்படுத்தணும்னு தமிழ்நாடு அரசு 2010லயே ஆணை போட்டாச்சு. வரி கட்டற எடத்துல கேப்ட்சா, அதான் படத்துல இருக்கற எழுத்தப் பாத்து அடிக்கறது, அதுக்கு ஒலி கிடையாது, அதனால ஒவ்வொரு அரையாண்டும் பக்கத்து வீட்டுப் பையன கூப்பிட்டுத்தான் கட்டறேன். ஏப்ரல் 30க்குள்ள கட்டினா 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, இந்த தடவ அவன் ஊர்ல இல்ல, போயிடுச்சு.

ஆத்தங்கரையான்:
சார், ஸ்கேன் காப்பிய போட்டா சட்டப்படி வெளியிட்டாச்சுன்னு நானே இவ்ளோ நாளா நெனச்சிட்டு இருந்தேன், அது தப்புதான். ஆனா டெண்டருக்கும் தீர்மானத்துக்கும் முதல் பக்கத்துல எடம் வேணும், அதுல எறங்கி வர மாட்டேன்.

கரிசல்காடு:
அஞ்சாவதா வைக்கலாம், எனக்கு சரி. திண்ணைவாசி சார், அடுத்த கூட்டத்துக்கு வர முடியுமா, நான் வண்டியில வந்து கூட்டிட்டுப் போறேன். அந்த வரி கட்டற பக்கத்த உங்க போன்லயே தொறந்து சத்தமா வச்சு எல்லாரையும் கேக்க வைப்போம்.