கோச்சை மாத்தினா நம்ம ஊர்ப் பசங்க மேல வந்துடுவாங்களா?

பெரம்பூர் லெஃப்ட் பேக்:

வணக்கம் மக்களே. நம்ம ஃபுட்பால் டீம் சென்னையின் எஃப்சி ரெண்டு மேட்ச் தோத்தாலே 'கோச்சை மாத்துங்க'ன்னுதான் முதல் குரல் வருது. மட்டராஸி, ஜான் கிரகரி, ஓவன் காய்ல், லாஸ்லோ, பண்டோவிச், பிரடாரிச், மறுபடி காய்ல்னு பார்த்தாச்சு. 2015-லயும் 2018-லயும் கப்பும் வந்துச்சு. ஆனா அகாடமியில வளர்ந்து ஃபர்ஸ்ட் டீம்ல நிலைச்ச சென்னைப் பையன் யாருன்னு கேட்டா யோசிக்க வேண்டியிருக்கு. இது கோச் தப்பா, கீழ இருக்கற அமைப்போட தப்பா?

இதோட இன்னொரு கேள்வி. அக்கா பையனுக்கு 13 வயசு, விங்கர் (ஓரத்துல ஓடி ஆடறவன்). போர்டுல இருக்கற வெளிநாட்டு கிளப் பேரை நம்பிச் சேர்க்க மனசு வரல. ஒரு அகாடமியை எதை வெச்சு எடை போடறது?

மெரினா பத்து:

கோச்தான் எல்லாம்னா 2018-19 நடந்தே இருக்காது. 2018 மார்ச்ல பெங்களூருக்கே போய் 3-2-ன்னு ஜெயிச்சு கப் தூக்கினப்ப இருந்தவர் கிரகரி. அடுத்த சீசன் 18 மேட்ச்ல 9 பாயின்ட் எடுத்து கடைசி இடத்துல நின்னப்பவும் அவரேதான். அதுக்கு அடுத்த சீசன் நடுவுல, 2019 டிசம்பர்ல, காய்ல் வந்தார். இருந்த ஆளுங்களை வெச்சே ஃபைனல் வரைக்கும் கொண்டுபோனார். அவர் மாத்தினது ஆட்ட முறையை: பந்து போன உடனே பின்னாடி ஓடாம, முன்னாடியே போய் அழுத்தினாங்க. ஸ்ட்ரைக்கர் வால்ஸ்கிஸுக்கு கோல் பாக்ஸ்கிட்ட பந்து கிடைச்சுது, 15 கோல் அடிச்சார். நாலு மாசத்துக்குள்ள ஒரு கோச்சால செய்ய முடிஞ்சது அது. பையனை உருவாக்கறது நாலு மாச வேலை இல்லை.

ஒரு வருஷ ஒப்பந்தத்துல வர்ற கோச் 19 வயசுப் பையனை இறக்கி, அவன் நாலு தப்பு பண்றதைப் பொறுத்துக்கிட்டா, அவன் தேறி வர்றப்ப பலன் அடுத்த கோச்சுக்குப் போகும். அதனால அவர் 30 வயசு ஆளைத்தான் எடுப்பார். இத்தனைக்கும் 2024-25 வரைக்கும் ஐஎஸ்எல்-ல (சென்னையின் ஆடற மேல் லீக்) கடைசியா வந்தாலும் கீழ் லீக்குக்கு இறங்கற பயமே கிடையாது. பயமில்லாத லீக்லயே இறக்கலைன்னா எப்ப இறக்கப் போறோம்?

கிளப்தான் கணக்கு எழுதி வைக்கணும். 2024-25-ல ஒரு டீமுக்கு 24 லீக் மேட்ச், 2160 நிமிஷம். 21 வயசுக்குள்ள ரெண்டு பேருக்காவது தலா 600 நிமிஷம்னு கோச் ஒப்பந்தத்துலயே போடணும். 88-வது நிமிஷம் இறக்கி விட்டா, 24 மேட்சையும் கூட்டினா 48 நிமிஷம்தான் வரும். ஸ்குவாட் லிஸ்ட்ல பேர் இருக்கான்னு பார்க்காதீங்க, நிமிஷத்தை எண்ணுங்க.

அனிருத் தாபாவை 20 வயசுலயே நடுக்களத்துல நம்பி விட்டவர் கிரகரி, அதை மறுக்கல. ஆனா தாபா ஏஐஎஃப்எஃப் (அகில இந்திய கால்பந்து சம்மேளனம்) அகாடமியில தயாராகி வந்தவர். விளைஞ்ச நெல்லை வாங்கி அரிசியாக்கறது வேற, நாத்து விடறது வேற.

கண்ணப்பர் திடல்:

பத்து, கோச்சை அவ்வளவு சுலபமா விட்டுடாதீங்க. 2018-19-ல, நாட்டோட இன்னொரு பெரிய லீக்கான ஐ-லீக்ல, சென்னை சிட்டி கிளப்புக்கு கோச் அக்பர் நவாஸ் என்ன செஞ்சார்? முன்னாடி பெத்ரோ மான்சி 21 கோல் அடிச்சார், சரி. அவருக்குப் பின்னாடி எட்வின் சிட்னி, அஜித்குமார், சார்லஸ் ஆனந்தராஜ், ரொமாரியோன்னு நம்ம மாநிலத்துப் பசங்க. 20 மேட்ச்ல 43 பாயின்ட், சாம்பியன். நம்பி விட்டா முடியும்.

அந்தப் பசங்க தயாரா இருந்ததுக்குக் காரணம், தமிழ்நாட்டுல பெரியவங்களோட மோதி வளர்ந்தது. சென்னை சீனியர் டிவிஷன்ல பேங்க், ரயில்வே, ஐசிஎஃப் டீம்கள்ல 30 வயசு ஸ்டாப்பர் (நடு டிஃபென்டர்) தோளால இடிச்சா, 18 வயசுப் பையன் அடுத்த தடவை பந்து வர்றதுக்கு முன்னாடியே உடம்பைத் திருப்பி வெச்சுக்குவான். தன் வயசுப் பசங்களோடயே 19 வரைக்கும் ஆடினவனுக்கு இது வராது. இளம் வீரர்களுக்கான ரிலையன்ஸ் டெவலப்மென்ட் லீக் 2022-ல வந்தது நல்ல விஷயம், ஆனா அது மட்டும் பத்தாது. 18, 19 வயசுல ஃபர்ஸ்ட் டீம்ல இடமில்லாதவனை பெஞ்ச்ல உக்கார வைக்காம ஐஎஸ்எல்-க்கு அடுத்த லீக் டீமுக்கு லோன்ல (தற்காலிகமா) அனுப்பணும்.

இப்ப டர்ஃப் விஷயத்துக்கு வரேன், இதை யாரும் பேசறதில்லை. தெருத் தெருவா ஃபைவ்ஸ் டர்ஃப் (அஞ்சஞ்சு பேர் ஆடற செயற்கைப் புல் திடல்) வந்ததுல பசங்களுக்குக் கால் வேலை நல்லா வருது. ஆனா ஒரு பழக்கம் ஒட்டிக்குது: பந்து வந்ததும் பாதத்தின் அடியால மிதிச்சு நிறுத்தறது. சின்ன டர்ஃப்ல அது சரி. பெரிய கிரவுண்டுல மிதிச்சு நிறுத்தின அந்த ஒரு நொடியில எதிராளி மேல வந்துடுவான். உள்பாதத்தால தொடும்போதே போக வேண்டிய பக்கம் பந்தைத் தள்ளணும். அதோட டர்ஃப்ல ஆஃப்சைடு கிடையாது, சுவத்துல மோதி பந்து திரும்பி வரும், தலையால அடிக்கற வேலையே இல்லை. இதெல்லாம் 13 வயசுக்கு மேல 11 பேர் ஆட்டத்துல ஆடித்தான் வரணும்.

இதுக்கு ஒரு பயிற்சி: 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டம், நடுவுல பையன். முன்னாடி ஒருத்தர் பாஸ் கொடுக்க, பின்னாடி ஒருத்தர் விரலைத் தூக்கிக் காட்டணும். பந்து காலுக்கு வர்றதுக்குள்ள திரும்பிப் பார்த்து எத்தனை விரல்னு சொல்லணும், அப்புறம் ஒரே தொடுதல்ல திரும்பணும். பந்து அடிச்ச பிறகு மட்டும் திரும்பிப் பார்த்தா லேட். பந்து கிளம்பறதுக்கு முன்னாடியே ஒரு தடவை, வர்ற வழியில இன்னொரு தடவை.

தண்டையார்பேட்டை அக்கா:

தம்பி, அகாடமியைப் பார்க்கப் போறப்ப ஒரு முழு செஷன் ஓரமா நின்னு பாருங்க. 20 பசங்களுக்கு 10 பந்தாவது இருக்கணும். ஒரு பந்துக்காக ஆறு பேர் வரிசையில நிக்கற இடம்னா வந்துடுங்க, ஒரு மணி நேரத்துல பையன் பத்து நிமிஷம்கூட ஆடமாட்டான். 13 வயசுக்கு 5-ம் நம்பர் பந்து. 8-லேர்ந்து 12 வரைக்கும் இருக்கற சின்னப் பசங்களுக்கும் அதையே கொடுத்தா அந்த கோச்சுக்கு விஷயம் தெரியலைன்னு அர்த்தம். அவங்க கையில 4-ம் நம்பர் இருக்கணும்.

கோச் கிட்ட லைசென்ஸ் என்னன்னு நேரா கேளுங்க. டி, சி, பி, ஏ, அதுக்கு மேல ப்ரோ. இந்த வயசுக்கு சி இருந்தா நல்லது. அப்புறம் வருஷத்துக்கு எத்தனை மேட்ச், அதுல உங்க பையன் வயசுப் பிரிவுக்கு எத்தனைன்னு கேளுங்க. 25-க்குக் கீழ சொன்னா யோசிங்க. வார்ம் அப் எப்படின்னு கவனிங்க. ஃபிஃபா 11 பிளஸ்னு 20 நிமிஷப் பயிற்சி இருக்கு, வாரம் ரெண்டு தடவையாவது செஞ்சா காயம் நல்லாவே குறையும். கிரவுண்டை ரெண்டு சுத்து ஓட விட்டு மேட்சுக்கு இறக்கறவங்க கிட்ட வேணாம்.

முக்கியமா, 13-லேர்ந்து 15 வரைக்கும் உயரத்தை வெச்சு எடுக்கறாங்களான்னு பாருங்க. வயசுப் பிரிவு ஜனவரி 1-ல ஆரம்பிக்கறதால ஜனவரியில பிறந்தவன் டிசம்பர்ல பிறந்தவனை விட கிட்டத்தட்ட ஒரு வருஷம் மூத்தவன். அவனை 'திறமைசாலி'ன்னு எடுத்துட்டு, குட்டையா இருக்கற நல்ல விங்கரை விட்டுடறாங்க. நாம இழக்கற பசங்கள்ல பாதிப் பேர் இங்கதான் போறாங்கன்னு நான் நம்பறேன்.

ஐசிஎஃப் நாலாம் கேட்:

ஒரு விஷயம் விட்டுப் போச்சு: பதிவு. ஏஐஎஃப்எஃப்-ஓட சிஆர்எஸ்-ல (வீரர்களைப் பதிவு பண்ற ஆன்லைன் முறை) பையன் பேர் எந்த கிளப்ல பதிவாகியிருக்குன்னு கேட்டு, அந்த ஐடியை வாங்கி வெச்சுக்குங்க. ஒரிஜினல் பிறப்புச் சான்றிதழை யார் கிட்டயும் கொடுக்காதீங்க, நகல் போதும். வயசைக் குறைக்கச் சொன்னா அன்னைக்கே வெளிய வந்துடுங்க. மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயசு பார்க்கறாங்க, மாட்டினா பையனோட விளையாட்டே போச்சு.

சின்ன கிளப்புகளுக்கும் இதுல லாபம் இருக்கு. ஒப்பந்தம் முடியறதுக்கு முன்னாடி ஒரு வீரரை வெளிநாட்டு கிளப் விலை கொடுத்து வாங்கினா, அந்தத் தொகையில 5 சதவீதம் அவரை 12-லேர்ந்து 23 வயசு வரைக்கும் வளர்த்த கிளப்புகளுக்குப் போகணும்ங்கறது ஃபிஃபா விதி. 12-லேர்ந்து 15 வரைக்கும் வருஷத்துக்கு 0.25, அதுக்கு மேல வருஷத்துக்கு 0.5. ஒரு கோடிக்குப் போனா, அந்த முதல் நாலு வருஷம் வளர்த்த கிளப்புக்கு ஒரு லட்சம். பதிவு இல்லாத கிளப்புக்கு ஒரு ரூபாய் வராது. வியாசர்பாடியில அத்தனை பேரை உருவாக்கின திடல்களுக்கு இந்தக் காகிதம் ரொம்ப அவசியம்.

பெரம்பூர் லெஃப்ட் பேக்:

எல்லாருக்கும் நன்றி, குறிச்சு வெச்சுக்கிட்டேன். அக்கா, ஒண்ணு மட்டும். பையனுக்கு ரெண்டு மாசமா முட்டிக்குக் கீழ, எலும்பு கொஞ்சம் புடைச்ச இடத்துல வலி. மேட்ச் முடிஞ்சா அதிகமாகுது. கோச் 'பழகிடும்'னு சொல்றார்.

தண்டையார்பேட்டை அக்கா:

பழகாது தம்பி. அந்த வயசுல எலும்பு வேகமா வளர்றப்ப தொடைத் தசையோட நாண் கீழ் எலும்பை இழுக்கும், அதனால வர்ற வலியா இருக்கலாம். ஆஸ்குட் ஸ்லாட்டர்னு சொல்வாங்க. எலும்பு டாக்டர் கிட்ட காட்டி உறுதி பண்ணிக்குங்க. குதிக்கறது, ஸ்பிரின்ட், ஓங்கி ஷாட் அடிக்கறது இந்த மூணையும் இப்ப குறைக்கச் சொல்லுங்க, பாஸிங் ஆடலாம். ஆடி முடிச்சதும் 15 நிமிஷம் ஐஸ், துணியில சுத்தி வெக்கணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை சுவத்துல உயரம் குறிச்சு வைங்க. மூணு மாசத்துல ரெண்டு சென்டிமீட்டர் ஏறியிருந்தா அந்தச் சமயம் மேட்ச் எண்ணிக்கையைக் குறைக்கணும்னு கோச் கிட்ட நீங்களே பேசுங்க.