ஓதம் ஏறும் செங்கல் சுவர்: புது அறைக்கு ஏஏசி பிளாக் வைக்கலாமா?

நாகை வீட்டுக்காரன்:
வீடு நாகப்பட்டினம், கடலுக்கு நடந்து போகிற தூரம். அப்பா 1983இல் கட்டியது. வடக்குச் சுவரில் முழங்கால் உயரம் ஓதம் ஏறி உப்புப் பூத்தது. போன வருடம் இடுப்பு வரை சிமென்ட் பூசினோம். இப்போது பூச்சுக்கு மேலே, சுவிட்ச் போர்டு ஓரம் ஈரம் தெரிகிறது. கொல்லைப்பக்கம் ஓர் அறை எடுக்கப் போகிறோம். கொத்தனார் ஏஏசி பிளாக் (உள்ளே குமிழி குமிழியாக இருக்கும் எடை குறைந்த கான்கிரீட் கல்) வைக்கச் சொல்கிறார், சூடு இறங்காதாம். கையில் எடுத்துப் பார்த்தால் ரஸ்க் மாதிரி ஒரே ஓட்டை. செங்கல்லே இவ்வளவு தண்ணீர் குடித்தால் இது என்ன ஆகும்?

தஞ்சை சுண்ணாம்பு:
முதலில் அந்த சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு போடுங்கள். ஈரம் வெளியே போக வழி வேண்டும்.

திருச்சி சைட்:
அவர் சொல்வது சரி. தண்ணீரை மேலே இழுப்பது மெல்லிய துளைதான். 0.1 மி.மீ. ஆரத் துளையில் 15 செ.மீ. ஏறும், ஆரம் அதில் பத்தில் ஒரு பங்கானால் ஒன்றரை மீட்டர். செங்கல்லில் அதைவிட மெலிந்த துளைகளும் உண்டு. கணக்குப்படி ஈரம் கூரையைத் தொட வேண்டும். தொடாததற்குக் காரணம், வழியிலேயே காற்றில் உலர்ந்துவிடுவது. உங்கள் பூச்சு அந்த வழியை அடைத்துவிட்டது.

ஏஏசியில் கண்ணுக்குத் தெரிவது, கலவையில் போட்ட அலுமினியப் பொடி கிளப்பிய வாயுக் குமிழிகள். அவ்வளவு பெரிய குழி தண்ணீரை இழுக்காது. அதற்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது. ஆனால் குமிழிக்கும் குமிழிக்கும் நடுவே உள்ள பகுதியில் மெல்லிய துளைகள் உண்டு, அவை குடிக்கும். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். பிளாக் நனைந்தே கிடந்தால், சூடு தடுக்கவென்று கொடுத்த காசு வீண். அதனால் டிபிசி (கீழிருந்து ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் அடுக்கு) போட்டு அதன் மேல் முதல் வரிசையை வையுங்கள். வெளிப்பூச்சை மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் தாம்பாளத்தில் ஒரு செ.மீ. தண்ணீர் விட்டு, இரண்டையும் நிறுத்திப் பாருங்கள்.

நாகை வீட்டுக்காரன்:
பார்த்துவிட்டேன். காலையில் பக்கவாட்டில் நிறுத்திய செங்கல், மாலைக்குள் உச்சிவரை கறுத்துவிட்டது. பிளாக் துண்டில் சட்டென்று இரண்டு விரற்கடை ஏறியது, அப்புறம் நகர்ந்ததே தெரியவில்லை. பூச்சைக் கொத்த நாளை ஆள் வருகிறது. சுண்ணாம்புப் பூச்சிலும் உப்புப் பூத்தால் என்ன செய்வது?

தஞ்சை சுண்ணாம்பு:
கொஞ்ச நாள் பூக்கத்தான் செய்யும். தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த துடைப்பத்தால் தட்டி, முறத்தில் ஏந்தி வெளியே கொட்டுங்கள்.