கச்சு அம்மோனைட்டின் காலத்தை எவ்வாறு கணிக்கிறார்கள்?

மேலூர் ஆசிரியை:
உறவினர் ஒருவர் குஜராத்தின் கச்சுப் பகுதியிலிருந்து கொணர்ந்த அம்மோனைட் (அழிந்துபோன, சுருள் ஓடுடைய கடலுயிரின் புதைபடிவம்) ஒன்று எங்கள் வகுப்பறைக்கு வந்துள்ளது. யானைமலை, நாகமலை என நம்மைச் சுற்றி உருமாறிய பழம்பாறைகளே இருப்பதால், கடலுயிரின் கல்லை மாணவர்கள் வியந்து பார்க்கிறார்கள். "ஜுராசிக், ஏறத்தாழ 16 கோடி ஆண்டு" என்பதை அதன் ஓட்டினையே அளந்து சொல்கிறார்களா, அது வாழ்ந்த கடலின் ஆழமும் தெரியுமா என்று கேட்கிறார்கள். பெரியோர் விளக்க வேண்டுகிறேன்.

பாறைநேசன்:
அம்மா, ஓட்டினை யாரும் அளப்பதில்லை. அம்மோனைட் இனங்கள் விரைவாகத் தோன்றி விரைவாக அழிந்தன. கடல்வழியே வெகுதொலைவு பரவின. எனவே ஒரு பாறையடுக்கில் ஓர் இனம் கிடைத்தாலே அவ்வடுக்கு எந்தக் குறுகிய காலத்தது என்பது புலப்படும். பாறை களிமண்ணா, சுண்ணாம்புக்கல்லா என்பதைக் கருதாமல், உயிரினங்களின் வரிசையை மட்டுமே கொண்டு இங்கிலாந்து, பிரான்சு, தென்மேற்கு ஜெர்மனி ஆகியவற்றின் ஜுராசிக் அடுக்குகளை ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் ஓப்பல் 1856-58இல் மண்டலங்களாக (குறிப்பிட்ட உயிரினங்களால் அடையாளம் காணப்படும் அடுக்குகளாக) பிரித்து ஒப்பிட்டது இத்துறையின் பெருஞ்சாதனை என்பேன். ஏறத்தாழ 5.6 கோடி ஆண்டுகள் நீடித்த ஜுராசிக் காலம், வடமேற்கு ஐரோப்பாவில் இன்று 70-க்கும் மேற்பட்ட அம்மோனைட் மண்டலங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. சராசரியாக ஒரு மண்டலத்துக்குப் பத்து லட்சம் ஆண்டுகூட வராது. ஆனால் மண்டலம் காட்டுவது முன்பின் வரிசையை மட்டுமே. ஆண்டுக் கணக்கு, உலகின் பல இடங்களில் அந்த அடுக்குகளுக்கிடையே படிந்த எரிமலைச் சாம்பலிலுள்ள சிர்கான் என்னும் கனிமப் படிகங்களில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளப்பதால் கிடைக்கிறது. உங்களிடம் உள்ளது பருத்து உருண்ட மேக்ரோசெஃபாலைட்டஸ் என்னும் அம்மோனைட் வகை என்றால், 16.5 கோடி ஆண்டையொட்டியது எனத் துணிந்து சொல்லலாம்.

வைகைக்கரை வாசகர்:
ஆழத்தைப் பற்றி ஒரு சொல். அறைகளில் காற்றுள்ள ஓடு, உயிர் போனபின் மிதந்து வேறிடம் சேரக்கூடும். அம்மோனைட்டைப் போலவே அறைகள் கொண்ட ஓடுடைய, இன்றும் வாழும் நாட்டிலஸின் ஓடுகளும் அவ்வாறே கரை ஒதுங்குகின்றன. ஆகையால் அம்மோனைட்டை மட்டும் வைத்து ஆழம் சொல்லலாகாது. மணலின் பருமன், அலைத்தடம், அடித்தரையில் வாழ்ந்த சிப்பிகள் ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். காலக்கணிப்பிலும் எச்சரிக்கை தேவை: கச்சின் தோசா ஊலைட் என்னும் சிறுமணிச் சுண்ணாம்புக்கல் அடுக்கில் படிதல் மிக மெதுவாக நடந்ததால், வெவ்வேறு மண்டலங்களின் ஓடுகள் ஒரே கல்லில் கலந்து கிடக்கின்றன.

பாறைநேசன்:
சரியாகச் சொன்னீர்கள். ஆசிரியை அவர்களே, எந்த ஊர், எந்த அடுக்கு, அதன் மேலும் கீழும் என்ன பாறை என்பதை உறவினரிடம் கேட்டுக் கல்லுடன் எழுதி வையுங்கள். நம் வீடுகளில் பூசிக்கும் சாளக்கிராமத்திலும் அம்மோனைட் உண்டு; இமயத்துக் கருங்களிப் பாறையிலிருந்து கழன்று கண்டகி ஆற்றில் உருண்டு வந்ததால், அதன் இனத்தை அறியலாமே தவிர, அது கிடந்த அடுக்கை மீட்க முடியாது. அரியலூர் அம்மோனைட்டை அருகில் வைத்தால் அது ஜுராசிக்கை அடுத்து வந்த கிரெடேசியஸ் காலத்தது என்றும் குறித்துவிடுங்கள். மாணவர்கள் இரண்டையும் ஒன்றெனக் கொள்ள வாய்ப்புண்டு.