2 பேர் டென்ட்டில் நிஜமாகவே 2 பேர் படுக்க முடியுமா?

வேளச்சேரிவாசி:

வணக்கம். செப்டம்பர் முதல் வாரம் நானும் மனைவியும் இமாச்சலில் ஹம்ப்டா பாஸ் என்கிற மலைக் கணவாய்க்கு ட்ரெக்கிங் போகிறோம். இதுவரை போனதெல்லாம் ஏஜென்சிக்காரர்கள் போட்டு வைத்த டென்ட்டில் போய்ப் படுத்ததுதான். இந்த முறை ஒரு லோக்கல் வழிகாட்டியை மட்டும் வைத்துக்கொண்டு சொந்த டென்ட்டோடு போகலாம் என்று ஆசை. ஒன்று வாங்கியும் விட்டேன். பெட்டியில் 2 பேர் என்று போட்டிருக்கிறது, எல்லாம் சேர்த்து 1.9 கிலோ, தரை 213-க்கு 127 செ.மீ., நடு உயரம் 1 மீட்டர், இரண்டு பக்கமும் கதவு. திருப்பிக் கொடுக்க இன்னும் 12 நாள் இருக்கிறது, அதனால்தான் அவசரமாகக் கேட்கிறேன்.

ஹாலில் சோபாவைத் தள்ளிவிட்டு விரித்துப் பார்த்தோம். நான் 5 அடி 11 அங்குலம், கொஞ்சம் கனமான ஆள். படுத்தவுடன் மனைவி கேட்ட முதல் கேள்வி, "பையெல்லாம் எங்கே வைக்கிறது?" இரண்டாவது கேள்வி, "ராத்திரி நீங்கள் புரண்டால் நான் எங்கே போறது?" இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் 1500 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் என்று எழுதியிருக்கிறது, அது என்ன கணக்கு, மலை மழைக்குப் போதுமா? வீடியோக்களில் எல்லோரும் டென்ட்டை விரிக்கிறார்கள், பாராட்டுகிறார்கள், சுருட்டுகிறார்கள். நாலு நாள் நனைந்து, சேறாகி, வீட்டுக்கு வந்த பிறகு அது என்ன கதியில் இருந்தது என்று ஒருவரும் சொல்வதில்லை. அப்படிப் புழங்கியவர்கள் சொல்லுங்கள்.

மழைக்கு ஒதுங்காதவன்:

கிட்டத்தட்ட இதே அளவு டென்ட்டை 6 வருடமாக வைத்திருக்கிறேன், 40 இரவுக்கு மேல் அதில் படுத்திருக்கிறேன், பாதி நாள் நண்பனோடு.

அந்த 2 பேர் என்பது ஷேர் ஆட்டோக் கணக்கு. டிரைவரைக் கேட்டால் இன்னும் ஒருத்தர் உட்காரலாம் என்பார், உட்காரவும் முடியும், சைதாப்பேட்டை வரைக்கும். உங்கள் 127 செ.மீ.யையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண மேட் ஒன்று 51 செ.மீ. அகலம், இரண்டு போட்டால் 102, பாக்கி 25. பரவாயில்லை. ஆனால் உடம்புக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஆளுக்கொரு அகல மேட், அதாவது 64 செ.மீ., வாங்கினீர்கள் என்றால் இரண்டும் சேர்ந்து 128, ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும், ராத்திரி முழுக்க ஒருவர் மேட் இன்னொருவர் மேட்டின் மேல் ஏறிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு அகலம், அவருக்குச் சாதாரணம், 115-ல் முடித்துக்கொள்ளுங்கள். கால் பக்கம் குறுகுகிற டென்ட் என்றால் அந்த இடத்தையும் டேப் வைத்து அளந்து பாருங்கள், சில கம்பெனிகள் தலைப்பக்க அகலத்தை மட்டும்தான் பெரிதாகப் போடுவார்கள்.

நீளம்தான் உங்களுக்கு உதைக்கும், சொல்லப்போனால் நீங்கள்தான் அதை உதைப்பீர்கள். தரையில் 213 இருந்தாலும் சுவர் சாய்ந்து வருவதால் மேட்டின் உயரத்துக்கு வரும்போதே கொஞ்சம் போய்விடுகிறது. உங்கள் உயரத்துக்கு ஸ்லீப்பிங் பேக்கின் கால்முனை நிச்சயம் மெஷ்ஷை, அதாவது உள் டென்ட்டின் வலைத்துணியை, தொடும். ரெயின் ஜாக்கெட்டை ஜிப் போட்டு அந்த முனைக்கு மேல் உறை மாதிரி மாட்டிவிடுங்கள், இல்லையென்றால் விடியும்போது கால் பக்கம் சொதசொத என்று இருக்கும்.

அதற்குக் காரணம் மழை இல்லை, உங்கள் மூச்சுதான். ஹம்ப்டாவிலேயே எனக்கு நடந்தது. பாலு கா கேராவில் ஆற்றுக்குப் பக்கத்திலேயே, தண்ணீர் எடுக்கச் சுலபம் என்று, டென்ட் போட்டோம். குளிருக்குப் பயந்து மேலே இருந்த காற்று ஜன்னலையும் அடைத்துவிட்டுப் படுத்தோம். 4 மணிக்கு நெற்றியில் ஒரு சொட்டு. டார்ச் அடித்தால் ஃப்ளையின், அதாவது மேலே போர்த்துகிற மழைத்துணியின், உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக நிற்கிறது, நண்பன் புரண்டு தோள் பட்டதும் மொத்தமும் மெஷ் வழியாகத் தூவானமாக இறங்கியது. வெளியே வானத்தில் மேகமே இல்லை. டென்ட் ஒழுகுகிறது என்று கம்பெனியைத் திட்டித் தீர்த்தேன், பாவம். மறுநாள் பாஸைத் தாண்டி ஷியாகோருவில் காற்று பிய்த்துக்கொண்டு போனது, ஜன்னலைத் திறந்தே வைத்தோம், உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஆற்றங்கரைப் பள்ளத்தில் குளிர்ந்த காற்று வந்து தேங்கும், ஈரமும் அதிகம். கொஞ்சம் மேடாகப் பார்த்துப் போட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

இரண்டு கதவு இருக்கிறது என்கிறீர்கள், அதற்காகவே வைத்துக்கொள்ளலாம். ஒற்றைக் கதவு டென்ட்டில் நள்ளிரவில் ஒன்றுக்குப் போக வேண்டுமானால் பக்கத்து ஆளைத் தாண்டி ஊர்ந்து போக வேண்டும், கல்யாணத்துக்கே ஆபத்து. பைகளை உள்ளே கொண்டு வராதீர்கள். கதவுக்கு வெளியே ஃப்ளை நீண்டு நிற்கிறதே, அதை நான் திண்ணை என்றுதான் சொல்வேன், ஆளுக்கொரு திண்ணை, அங்கே பையும் ஷூவும்.

பரங்கிமலை ஏறாதவள்:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை. பக்கவாட்டில் முட்டியை மடக்கிப் படுக்கிறவர்களுக்கு 127 போதாது. நானும் என் தங்கையும் ஒல்லிதான், இருந்தும் மூன்றாவது ராத்திரிக்குள் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. இரண்டு பேர் சுமக்கிறீர்கள், 3 பேர் டென்ட்டுக்கு அரைக் கிலோதான் கூடும், ஒருவர் பையில் இன்னரும் (உள் டென்ட்) இன்னொருவர் பையில் ஃப்ளையும் கம்பிகளும் என்று பிரித்தால் ஆளுக்குக் கால் கிலோ. அந்தக் கால் கிலோவுக்குக் கிடைக்கிற தூக்கம் பெரிது. திருப்பிக் கொடுக்க நாள் இருக்கிறதே, யோசியுங்கள்.

1500 மி.மீ. கேட்டிருந்தீர்கள். துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றினால் எவ்வளவு உயரம் வரை கசியாமல் தாங்கும் என்கிற அளவு அது. ஒன்றரை மீட்டர் தண்ணீர் என்பது மேலே விழுகிற மழைக்குப் போதும். தரைக்குத்தான் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் ஈர மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்தால் அந்த ஒரு இடத்தில் அழுத்தம் மழையைவிடப் பல மடங்கு. என்னுடையதில் தரை 3000, இதுவரை ஊறியதில்லை.

நான் ஏமாந்தது வேறு இடத்தில். டிசம்பர் 13 ராத்திரி ஜெமினிட் எரிகற்கள் பார்க்க ஜவ்வாது மலைக்குப் போனோம், காவலூர் பக்கம், தெரிந்தவர் தோட்டத்தில் அவர் அனுமதியோடு. ஃப்ளையை விறைப்பாக இழுத்துக் கட்டிவிட்டுத்தான் படுத்தேன். இரண்டு மணிக்குப் பனியோடு தூறலும் சேர்ந்து, ஃப்ளை நனைந்த வேட்டி மாதிரி தொய்ந்து இன்னர் மேல் வந்து ஒட்டிக்கொண்டது. நைலான் ஈரத்தைக் குடித்தால் நீளும், பாலியஸ்டர் அவ்வளவாக நீளாது. உங்களுடையது நைலான் என்றால் இருட்டின பிறகு ஒரு முறை, தூங்கப் போகும் முன் ஒரு முறை கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். அன்றைக்கே இன்னொரு கூத்து. அடியில் விரிப்பதற்கு பாரிமுனையில் நீலத் தார்ப்பாய் வாங்கி, வீணாகுமே என்று வெட்டாமல் டென்ட்டுக்கு வெளியே ஒரு சாண் நீட்டி விட்டிருந்தேன். ஃப்ளையிலிருந்து வடிந்ததெல்லாம் அதில் விழுந்து அப்படியே எங்கள் முதுகுக்கு அடியில் வந்து குளம் கட்டியது. தரையைவிட நான்கு விரல் சின்னதாக வெட்டுங்கள், மனசைக் கல்லாக்கிக்கொண்டு வெட்டுங்கள்.

பரண்மேல் டென்ட்:

எல்லோரும் மலையைப் பற்றியே பேசுகிறீர்கள். என் டென்ட்டைக் கொன்றது மலை இல்லை, திருவான்மியூர்.

5 வருடம் வைத்திருந்தேன், மொத்தம் 9 ராத்திரிதான் பயன்படுத்தினேன். கடைசியாக அக்டோபரில் ஊர் திரும்பினேன், டெல்லியிலிருந்து ரயிலில் அது ஈரத்தோடு பைக்குள்ளேயே ஒன்றரை நாள் கிடந்தது, இங்கே வந்தால் அடைமழை, ஒரு நாள் கொடியில் போட்டுவிட்டு முக்கால்வாசி காய்ந்துவிட்டது என்று சுருட்டிப் பரணில் போட்டேன். அடுத்த மே மாதம் அம்மா கேட்டார், "என்னடா, பரண்ல பூனை ஏதாவது செத்துக் கிடக்கா?" இறக்கிப் பார்த்தால் டென்ட். குழந்தை பால் கக்கிய துணியின் வாடை. விரிக்கப் போனால் துணி துணியோடு ஒட்டிக்கொண்டு சர்ர்ர் என்று பிரிகிறது, கையில் பிசுபிசு, தையலுக்கு மேல் ஒட்டியிருந்த டேப் பட்டை பட்டையாக உரிந்து வருகிறது.

துணியின் உள்பக்கம் பூசுகிற பாலியூரித்தேன் கோட்டிங் வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் சிதைந்துபோகும். சென்னையில் இரண்டுக்கும் பஞ்சம் இல்லை, அதுவும் பரண் என்றால் மொட்டை மாடித் தளத்துக்கு நேர் கீழே, வெயில் காலத்தில் அடுப்பு. ஒருமுறை பிசுபிசுக்க ஆரம்பித்தால் திரும்ப வராது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், பிசுக்கு போனது, கூடவே வாட்டர்ப்ரூஃபும் போனது. இரண்டு பக்கமும் சிலிக்கான் பூசிய துணிகளுக்கு இந்த வியாதி இல்லை, ஆனால் அதில் டேப் ஒட்டாது, தையலை நீங்களே சிலிக்கான் பசை போட்டு அடைக்க வேண்டியிருக்கலாம்.

இப்போது இருக்கும் டென்ட்டை வீட்டுக்கு வந்த அன்றே ஹாலில் கொடி கட்டி, ஃபேன் போட்டு, இரண்டு நாள் விடுகிறேன். மாடி வெயிலில் காயப் போடுவதில்லை, நம்மூர் வெயில் துணியின் உயிரையே எடுத்துவிடும். அப்புறம் அதோடு வந்த இறுக்கமான பையில் திணிக்காமல், பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு பெட்ரூம் பீரோவில். மனைவி புடவைக்கு ஒதுக்கிய தட்டில் பாதி போய்விட்டது, அது தனி வழக்கு.

கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒன்று: ஜிப்பின் பல் பிளாஸ்டிக், ரன்னர் உலோகம். உப்புக் காற்றில் ரன்னர் பூத்துப்போய், மூடினாலும் பின்னாலேயே வாய் திறக்கும். பிளையரால் ரன்னரின் இரண்டு பக்கமும் மெதுவாக ஒரு அழுத்து அழுத்தினால் கொஞ்ச நாள் ஓடும். நிரந்தரமாக வேண்டுமானால் தெருமுனையில் பை தைக்கிறவரிடம் கொடுங்கள். எனக்குப் பத்து நிமிடத்தில் ரன்னரை மாற்றிக் கொடுத்தார், "இது என்ன சார், கொசுவலையா?" என்று கேட்டுவிட்டு.

பழைய நடையன்:

இரண்டே விஷயம். விமானத்தில் போனால் டென்ட்டைத் தரையில் அடிக்கிற பெக்கை எல்லாம் செக்-இன் பையில் போட்டுவிடுங்கள், கையில் கொண்டு போனால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கி வைக்க வாய்ப்பு உண்டு. அப்புறம், சோதனை என்று சொல்லிக்கொண்டு இங்கே எந்தக் காட்டிலும் போய் டென்ட் போடாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணித் தீக்குப் பிறகு வனத்துறை அனுமதி இல்லாமல் காலே வைக்க முடியாது. 2024-ல் அரசே திறந்த ட்ரெக் தமிழ்நாடு பாதைகள் இருக்கின்றன, ஆனால் அவை நடப்பதற்கு, நினைத்த இடத்தில் டென்ட் அடிப்பதற்கு இல்லை. மொட்டை மாடி இருக்கிறதல்லவா?

வேளச்சேரிவாசி:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை ராத்திரி மொட்டை மாடியில் போட்டுப் பார்த்தோம். தளத்தில் பெக் இறங்காது என்பதால் நான்கு மூலைக்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன் வைத்துக் கட்டினேன், அதில் ஒன்று காலி என்பது காற்று அடித்த பிறகுதான் தெரிந்தது.

ஒரு மணி வாக்கில் இடியோடு நல்ல மழை, முக்கால் மணி நேரம். மேலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. காலி கேன் மூலையில் மட்டும் ஃப்ளை இன்னரோடு ஒட்டி, அந்த இடத்தில் ஈரம் கசிந்து தலையணை நனைந்தது. மெஷ்ஷில் தூவானம் எதுவும் இறங்கவில்லை, ஆனால் வெளியே 28 டிகிரி இருந்தால் ஃப்ளை எங்கே குளிரப் போகிறது, மூச்சு எங்கே தண்ணீராகப் போகிறது. வியர்வையில் நனைந்தது தனி. அந்தப் பரீட்சை மலையில்தான்.

ஒரு 64, ஒரு 51 மேட் போட்டுப் படுத்தோம், புரண்டும் பார்த்தேன். மனைவி முழங்கையால் இரண்டு முறைதான் குத்தினார், அதில் ஒன்று குறட்டைக்கு. 3 பேர் டென்ட் வேண்டுமா என்று காலையில் கேட்டேன். அரைக் கிலோவை நீங்கள் சுமப்பதாக இருந்தால் சரி, என்னால் கால் கிலோவும் கூட முடியாது என்று சொல்லிவிட்டார். ஆகவே இதையே வைத்துக்கொள்கிறோம்.

ஐந்தரை மணிக்கு மோட்டார் போட வந்த வீட்டு ஓனர் டென்ட்டைப் பார்த்து ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டு, "வீட்டுல ஏதாவது பிரச்சினையா தம்பி?" என்றார். உள்ளேயிருந்து மனைவியும் தலையை நீட்டியதும் ஒன்றும் பேசாமல் இறங்கிப் போய்விட்டார்.

டென்ட் இப்போது ஹாலில் கொடியில் ஃபேனுக்குக் கீழே தொங்குகிறது. பரண்மேல் டென்ட் அண்ணா, தலையணை உறை பருத்தியாகத்தான் இருக்க வேண்டுமா? எங்கள் வீட்டில் எல்லாம் பாலியஸ்டர்தான்.

பரண்மேல் டென்ட்:

பருத்தியே போடுங்கள், காற்று நன்றாகப் போகும். உறை இல்லையென்றால் பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டி வைத்தாலும் போதும். முக்கியமாகத் தையலோரம் கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள், துணி காய்ந்த பிறகும் அங்கேதான் ஈரம் நிற்கும்.