நாட்குறிப்பு மோசடி, ஒரு கொலை: திருகோணமலையில் நடக்கும் துப்பறியும் தொடருக்குத் தகவல் தேவை

உப்புவெளி வாசகன்:
ஆறு பாகத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று எழுதுகிறேன். 2005 முதல் 2007 வரை மூதூர்ப் பக்கத்து வாத்தியார் ஒருவர் எழுதிய நாட்குறிப்பு கிடைத்ததாகச் சொல்லி, கொழும்புப் பத்திரிகை நிருபர் வாராவாரம் அதை வெளியிடுகிறார். விருதும் வாங்குகிறார். கொப்பி முழுக்க அவரே எழுதியது. அதைக் கண்டுகொண்ட ஒப்புநோக்குநர் (அச்சுப்பிழை பார்ப்பவர்) பெண்ணின் உடல் திருகோணமலை டச்சுக்குடாவில் கரையொதுங்குகிறது. கடைசியில் நிருபர் பொலிஸ் நிலையத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்வார், அதோடு முடிவு. நாட்குறிப்பு பொய் என்பது எப்படி நம்பும்படி வெளிவரும்? சட்ட நடைமுறையில் எங்கே பிழை வரும்?

குளக்கோட்டன்:
தம்பி, ஊரை வைத்தே ஆளைப் பிடியுங்கள். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009 ஒக்ரோபரில். அதற்கு முதல் துறையடியில் பாதையில் (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவையில்) ஏறித்தான் கடக்கவேண்டும். 2006ஆம் ஆண்டுப் பக்கத்தில் "பாலத்தால் வரும்போது மழை பிடித்தது" என்று ஒரு வரி இருந்தால் போதும். கொழும்பில் இருக்கும் செய்தி ஆசிரியருக்கு அது தெரியாது, கிண்ணியாவில் மீன் வாங்கப் போனவருக்குத் தெரியும்.

இன்னும் நுணுக்கமானது நேரம். 1996 ஒக்ரோபரிலிருந்து 2006 ஏப்ரல் வரை இலங்கைக் கடிகாரம் இப்போதைவிட அரை மணித்தியாலம் முன்னால் ஓடியது. தை நடுப்பகுதியில் இங்கே சூரியன் இப்போது 6.25 அளவில் கிளம்பும், 2005இல் அது 6.55. ஆனால் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள். வாத்தியார் வீடு மூதூர்ப் பட்டினத்தில் என்றால் 6.25 பிழை, சம்பூரில் என்றால் சரி. பிடிபட்டதும் நிருபர் "அவர் சம்பூர் ஆள்" என்று நழுவப் பார்ப்பார். அவரைப் பட்டினத்தோடு கட்டிவைக்கும் இன்னொரு பக்கத்தை முந்திய பாகத்திலேயே காட்டிவிடுங்கள்.

உப்புவெளிக் கடலில் சூரியன் மறைவதைப் படமாக்கிவிடாதீர்கள், எங்களுக்கு அது உதிக்கும் பக்கம். கொந்தளிக்கும் கடல் வேண்டுமென்றால் வாடைக்காலத்தில், கார்த்திகை மார்கழியில் கதையை வையுங்கள். தென்மேற்குக் கச்சான் காற்று வீசும் காலத்தில் இந்தக் கரை அமைதியாகக் கிடக்கும்.

கொப்பிக்கட்டு:
1983இல் ஜெர்மனியின் ஸ்டேர்ன் சஞ்சிகை 90 இலட்சம் மார்க்குக்கு மேல் கொடுத்து வாங்கிய ஹிட்லர் நாட்குறிப்பும் இப்படித்தான் அம்பலமானது. போருக்குப் பிறகு புழக்கத்துக்கு வந்த வெளுப்பூட்டி அந்தத் தாளில் இருந்தது, புறஊதா ஒளியில் மின்னிக் காட்டிக்கொடுத்தது. அதை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். 2005ஆம் ஆண்டுக் கொப்பியிலும் வெளுப்பூட்டி உண்டு, இன்றைய கொப்பியிலும் உண்டு.

உங்களுக்குப் பொருந்துவது கம்பி. நடுவில் கம்பி அடித்த 80 பக்கக் கொப்பியை எடுங்கள். மூதூரின் உப்புக்காற்றில் இருபது வருடம் கிடந்தால் கம்பி துருப்பிடித்து, நடுத்தாளில் இரண்டு பழுப்புக் கோடு ஊறியிருக்கும். கம்பி மினுங்கி, தாள் மட்டும் தேயிலைச் சாயத்தில் மஞ்சளாகி இருந்தால் பார்க்கிறவருக்கே விளங்கும். சாயம் ஓரத்தில் கடுமையாகவும் நடுவில் திட்டுத்திட்டாகவும் பிடிக்கும், அதையும் கிட்டக் காட்டலாம்.

அடுத்தது அழுத்தம். குமிழ்முனைப் பேனாவால் எழுதினால் கீழ்த் தாளில் பள்ளம் விழும். இருட்டறையில் டோர்ச்சைத் தாள்மட்டத்துக்குச் சரித்துப் பிடித்தால் எழுத்து நிழலாக எழும். நிருபர் பிழைவிட்ட ஒரு தாளைக் கிழித்திருந்தால், அதில் எழுதியது அடுத்த தாளில் பதிந்திருக்கும். கம்பிக் கொப்பியில் ஒரு தாளை முழுதாக உருவினால் அதன் சோடித் தாளும் கழன்று ஆடும். அதனால் அவர் கம்பியோரம் ஒரு விரல் விட்டுக் கிழித்தார் என்று வையுங்கள், அடித்துண்டு கொப்பியிலேயே நிற்கும்.

பத்திரிகை அலுவலகத்துக்குள் கணக்குப் பிரிவை மறக்கவேண்டாம். நியூயோர்க் ரைம்ஸ் நிருபர் ஜேசன் பிளேயர் 2003இல் மாட்டியபோது, போனதாக எழுதிய ஊர்களுக்கு விமானச் சீட்டோ ஹோட்டல் பில்லோ அவர் கணக்கில் இருக்கவில்லை. மூதூர்ப் பயணத்துக்கு வவுச்சர் இல்லை என்பதை ஒப்புநோக்குநர் காண்பது பொருத்தமாக இருக்கும்.

வழக்கேடு:
உங்கள் முடிவு நீதிமன்றத்தில் நிற்காது. பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலைச் சாட்சியமாக வைக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு விடாது. பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்கு வேறு.

சாதாரணமாகக் கைதுசெய்தால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும். பொலிஸார் பி அறிக்கை (வழக்கின் விவரத்தை நீதவானுக்குத் தெரிவிக்கும் அறிக்கை) போடுவார்கள், விளக்கமறியல் வரும். கொலை வழக்கில் பிணை மேல் நீதிமன்றத்தில்தான், நீதவான் பிணை கொடுக்கும் காட்சியை வெட்டிவிடுங்கள். நிருபரின் கணினியிலிருந்து எடுத்ததை 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் வைத்தால், விசாரணைக்கு 45 நாளுக்கு முன்பே மறுதரப்புக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும். வழக்கு நடக்கும்போது திடீரென்று மடிக்கணினியைத் திறந்து காட்டுவது நடக்காது.

உடலை ஆழத்தில் போட்டால் அது தாழ்ந்து, வாயு பிடித்து மேலே வர ஒன்றிரண்டு நாளாகும். நீரில் மூழ்கி இறந்தவரின் வாயிலும் மூக்கிலும் மெல்லிய வெள்ளை நுரை இருக்கும், கொன்றபின் போட்ட உடலில் பொதுவாக இருக்காது. அழுகத் தொடங்கினால் இந்த வித்தியாசம் குழம்பிப்போகும், எங்கள் வெப்பத்தில் அது கெதியாக நடக்கும். ஆகவே ஆழமில்லாத நீரில் விட்டு, மறுநாள் காலையே கண்டெடுக்க வையுங்கள். தடயவியல் பொலிஸார் படமெடுக்கும்வரை எவரும் உடலைப் புரட்டக்கூடாது. "இரவு 9.10க்கு இறந்தார்" என்று சட்ட வைத்திய அதிகாரி சொல்லவும் மாட்டார்.

உப்புவெளி வாசகன்:
மிக்க நன்றி. ஒப்புதல் செல்லாது என்றால் கொலையை அவரோடு எதை வைத்து இணைப்பது?

வழக்கேடு:
கொப்பிக்கட்டு அண்ணை சொன்ன கிழித்த தாளை வைத்து. குப்பைக் கூடையிலிருந்து அதை எடுத்துவைத்தவர் ஒப்புநோக்குநர். அன்றிரவு அவருடைய கைப்பையிலிருந்து நிருபர் அதைப் பறித்து, பொலித்தீனில் சுற்றி வீட்டுக் கிணற்றடியில் புதைக்கட்டும். வாக்குமூலத்தில் "அவளைக் கொன்றுவிட்டுத் தாளைக் கிணற்றடியில் புதைத்தேன்" என்கிறார். அவர் காட்டிய இடத்தில் தாள் கிடைத்தால், 27ஆம் பிரிவின்படி புதைத்த இடத்தைச் சொன்ன பகுதி மட்டும் சாட்சியமாகும். "கொன்றுவிட்டு" என்பது வெட்டுப்படும். எதிரியான நிருபரின் சட்டத்தரணி எழுந்து அந்த ஒரு சொல்லுக்கு ஆட்சேபனை சொல்வதைக் கட்டாயம் வையுங்கள், நீதிபதியும் அதை ஏற்கட்டும். அதற்குப் பிறகு ஆவணப் பரிசோதகர் சாட்சிக் கூண்டில் ஏறி, கொப்பியில் நிற்கும் அடித்துண்டையும் புதைத்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விளிம்போடு விளிம்பு பொருத்திக் காட்டட்டும். தாளில் இறந்தவரின் கைரேகையும் இருக்கவேண்டும்.