பிக் அப் த ஸ்லாக்: நான் எழுதியது திட்டுவதுபோல் இருக்கிறதா?

கேள்வி:
பாளையங்கோட்டையில் ஒரு கணக்கு அலுவலகத்தில் இருக்கிறேன். மாதக் கடைசியில் இரண்டு பேர் லீவு. அவர்கள் பார்க்கும் ஜிஎஸ்டி பில்களையும் ராத்திரி 10 மணி வரை இருந்து நானே முடித்தேன். மேலாளருக்கு 'ஐ பிக்ட் அப் தெயர் ஸ்லாக்' என்று மெயில் போட்டேன். அதைப் பார்த்து ஒரு அக்காவுக்கு மனசு விட்டுப்போனது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றுதான் அவர் வரவில்லை. நான் குறை சொல்ல நினைக்கவே இல்லை அண்ணாச்சி.

பதில்:
ஸ்லாக் என்றால் கயிற்றில் விழும் தொய்வு. ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேருக்கு வடம் பிடித்திருப்பீர்களே? நாலு பேர் கை தளர்ந்தால் வடம் தொய்யும், மற்றவர்கள் இழுத்து விறைப்பாக்குவார்கள். அதுபோல மற்றவர் விட்ட வேலையை நாம் எடுத்துச் செய்வதுதான் 'பிக் அப் த ஸ்லாக்'. ஆனால் வேலைக்கு டிமிக்கி கொடுப்பவரை 'ஸ்லாக்கர்' என்பதும் இதே சொல்லிலிருந்துதான். 'தெயர்' என்று சேர்த்ததால் தொய்வு அவர்கள் தலையில் விழுந்துவிட்டது. வெறும் 'த ஸ்லாக்' என்றால் இவ்வளவு உறுத்தாது.

இன்னொரு பதில்:
லீவில் போனவர் வேலையைப் பார்த்ததைச் சொல்ல 'ஐ ஃபில்ட் இன் ஃபார் ஹெர்' (அவருக்குப் பதிலாக நான் பார்த்தேன்) போதும். நாம் 'இழுத்துப் போட்டுச் செய்தேன்' என்போமே, அதில் யார்மேலும் பழி இல்லை.

கேட்டவர்:
சரி அண்ணாச்சி. காலையில் முதல் வேலையாக அக்காவிடம் பேசுகிறேன். அப்புறம் மேலாளருக்கும் திருத்தி எழுதுகிறேன்.